அடுப்புக்கும் வாய்க்கும் நடுவே

பினாங்கு,
ஞாயிறு மாலை

அன்புத் தோழிக்கு,

உன் செய்தியைப் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) படித்ததும் அங்கேயே பதில் தட்டத் தொடங்கினேன். நாலு வரிக்கு மேல் அதில் எழுத எனக்கு வராது. அதனால்தான் இந்தக் கடிதம். முதலில் என் நலம்: முட்டிவலி குறைந்திருக்கிறது. காலையில் தண்ணீர்மலை அடிவாரம் வரை நடந்து போகிறேன். 513 படியும் ஏற இன்னும் துணிவு வரவில்லை, கீழேயே நின்று முருகனைக் கும்பிட்டுவிட்டுத் திரும்புகிறேன். பணி ஓய்வு பெற்ற பிறகும் பள்ளி மணி அடிக்கும் நேரத்துக்கு விழிப்பு வந்துவிடுகிறது. மூத்தவள் கோலாலம்பூரில் நல்லபடியாக இருக்கிறாள்.

உன் சின்னவன் பொறியியல் வேலையை விட்டுவிட்டுச் சமையல் படிக்கப் போகிறேன் என்று ஒற்றைக் காலில் நிற்பதாக எழுதியிருந்தாய். "என் அப்பா எண்ணெய்ச் சட்டி முன்னால் வெந்து எங்களைப் படிக்க வைத்தார், இவன் படித்து முடித்துவிட்டு மறுபடியும் சட்டிக்கே போகிறான்" என்ற வரியை நான் நாலைந்து முறை படித்தேன். உன் மனசு எனக்குத் தெரியும். ஆனாலும் போன மாதம் நான் கண்ணால் பார்த்த ஒன்றை உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியாது.

என் 60-ஆவது பிறந்தநாளுக்கு மூத்தவள் என்னைக் கோலாலம்பூருக்கு வரச்சொல்லி, ஒரு பெரிய உணவகத்தில் இடம் பதிந்து வைத்திருந்தாள். பெயர் எதற்கு, நீ கேட்டால் நேரில் சொல்கிறேன். உயரமான கட்டடம், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஊர் முழுக்க விளக்கு. இன்னது வேண்டும் என்று நாம் சொல்ல முடியாது. அவர்கள் கொடுப்பதுதான் சாப்பாடு. ஒன்பது வகை, மூன்று மணி நேரம். ஆளுக்கு 450 வெள்ளி (ரிங்கிட்). அதற்கு மேல் 10 விழுக்காடு சேவைக் கட்டணம், 6 விழுக்காடு சேவை வரி. இரண்டு பேருக்கும் சேர்த்து ஆயிரம் வெள்ளியைத் தாண்டிவிட்டது. அந்தக் காசில் என் வீட்டுக்கு இரண்டு மாத மளிகை வாங்கிவிடலாம். மகள் ஆசையாகச் செய்தது, அதனால் ஒன்றும் சொல்லவில்லை.

எங்களுக்குக் கிடைத்தது சமையலறையைப் பார்த்தபடி நீளமாகப் போட்டிருந்த மேசை. எனக்கு அதுதான் பிடித்தது. கைக்கெட்டும் தூரத்தில் எட்டுப் பேர் வேலை செய்கிறார்கள், ஒருவர் குரலும் உயரவில்லை. ஐம்பது காசு அகலத்தில் இடியாப்பம் ஒன்று வந்தது, மேலே தேங்காய்ப்பாலில் வெந்த மீன். மோட்டார் சைக்கிளில் ஹாரன் அடித்துக்கொண்டு தெருவுக்குள் வருவாரே புத்து மாயம் அண்ணன், தேங்காய்ப்பூவும் அந்த ஆரஞ்சு நிறச் சர்க்கரையும் தூவித் தருவாரே, அவர் நினைவுதான் வந்தது. அப்புறம் நண்டு ரசம். மிளகும் கறிவேப்பிலையும் அப்போதுதான் தாளித்த வாசனையோடு, எங்கள் கண்ணெதிரே கிண்ணத்தில் ஊற்றினார்கள். மூன்று வாய்தான் இருக்கும். முதலில் எனக்கும் கோபம்தான், இவ்வளவு காசுக்கு மூன்று வாயா என்று. குடித்து முடித்த பிறகு யோசித்தேன். ஒரே ருசியை நாலாவது ஐந்தாவது வாய் சாப்பிடும்போது நாக்கு மந்தமாகிவிடுகிறது. அதற்கு முன்பே நிறுத்திவிடுகிறார்கள். நம் ஊர் பெஸ்தா திருவிழாச் சந்தையில் நாம் சாப்பிட்டதும் அப்படித்தானே? ஒரு கடையில் குச்சியில் வாட்டிய இறைச்சி, அந்தச் சாத்தே இரண்டு, அடுத்ததில் கடலை வகைகள் கலந்த கச்சாங் பூத்தே, அதற்கடுத்து ஒரு அப்பம். கையில் காசு குறைவாக இருந்ததால் எதையும் திகட்டும் அளவுக்கு வாங்கியதில்லை.

நான் சொல்ல வந்தது அந்த மீன் சமாச்சாரம். ஏழாவது வகை வாட்டிய மீன். அது தட்டுக்கு வரும் நேரத்தில் மகளுக்கு அலுவலகத்திலிருந்து அழைப்பு, எழுந்து வெளியே போய்விட்டாள். தட்டைக் கையில் ஏந்தி வந்த பையன் காலி நாற்காலியைப் பார்த்தான், அப்படியே திருப்பிக் கொண்டுபோனான். மூடி வைத்துச் சூடுபடுத்தித் தருவார்கள் என்று நினைத்தேன். அவள் வந்து உட்கார்ந்த பிறகு புது மீன் துண்டு ஒன்றை எடுத்து முதலிலிருந்து வாட்டினார்கள். என்னுடைய தட்டையும் அவர்கள் தரவில்லை, இரண்டையும் சேர்த்துத்தான் மறுபடி கொடுத்தார்கள். வீணாகிறதே என்று எனக்கு வயிறு எரிந்தது. கேட்டுவிட்டேன். சமையல்காரப் பையன்களில் ஒருவன் நம் பிள்ளை, சுங்கை பட்டாணி ஊர்க்காரன். "வீணாக்க மாட்டோம்மா, எங்க ராத்திரிச் சாப்பாட்டுக்கு எடுத்துக்குவோம். ஆனா ஆறின மீனை உங்களுக்குக் கொடுக்க மாட்டோம். தோல் மொறுமொறுன்னு இருக்கறது கொஞ்ச நேரம்தான்" என்றான்.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இதே வார்த்தையை நான் பெஸ்தா நடக்கும் சுங்கை நிபோங்கில் கேட்டிருக்கிறேன், உன் அப்பா வாயிலிருந்து.

உனக்கு நினைவிருக்கிறதா? டிசம்பர் பள்ளி விடுமுறை, பெஸ்தா திடல், ராட்டினத்துக்குப் பக்கத்தில் உன் அப்பா வடை சுட்டு விற்ற ஒட்டுக்கடை. நாம் இருவரும் பழைய நாளிதழைச் சுருட்டிக் கூம்பு செய்வோம். மத்தியானம் கடலைப்பருப்பை ஊறப்போடுவார், இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஊறவிட மாட்டார். ஒரு பிடி பருப்பை முழுசாக எடுத்து வைத்துக்கொண்டு மீதியைக் கொரகொரப்பாக அரைப்பார். வெங்காயத்தையும் உப்பையும் மொத்த மாவிலும் சேர்க்க மாட்டார். சட்டிக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவில் மட்டும் கடைசியில் பிசைவார். உப்பு பட்டால் வெங்காயம் தண்ணீர் விடும், மாவு இளகும், இளகின மாவு எண்ணெய் குடிக்கும். சுட்டு எடுத்த வடையைச் சட்டியின் விளிம்பில் கரண்டியோடு தட்டி, எண்ணெய் வடிந்ததும் நேரே வாங்குகிறவர் கையில். காகிதக் கூம்பின் வாயை மூடவே கூடாது என்று நம்மைத் திட்டுவார். கூட்டம் இல்லாமல் சில வடைகள் ஆறிவிட்டால் அவற்றை விற்கமாட்டார். ராட்டினம் சுற்றும் பையன்களைக் கூப்பிட்டுக் கொடுத்துவிடுவார். "ஆறினதைக் காசு வாங்கிக் கொடுக்கக் கூடாதும்மா" என்பார். உன் அம்மாவுக்கு இதில் எவ்வளவு ஆதங்கம் இருந்தது!

பல வருடம் அறிவியல் பாடம் நடத்திய பிறகுதான் அவர் செய்ததன் காரணம் எனக்குப் புரிந்தது. வடை எண்ணெய்க்குள் கொதிக்கும்போது அதிலிருக்கும் ஈரம் ஆவியாகி வெளியே தள்ளிக்கொண்டே இருக்கிறது. அந்த ஆவி இருக்கும் வரை எண்ணெய் அவ்வளவாக உள்ளே நுழையாது. வெளியே எடுத்து ஆறத் தொடங்கியதும் ஆவி அடங்குகிறது, மேலே ஒட்டியிருக்கும் எண்ணெயை வடை உள்ளே இழுத்துக்கொள்கிறது. அவர் சட்டி விளிம்பில் தட்டியதும், அவசரப்பட்டதும் எல்லாம் அந்த ஓரிரு நிமிடத்துக்காகத்தான். கூம்பை மூடினால் ஆவி உள்ளேயே நின்று மேல்தோல் நமத்துப்போகும். இதெல்லாம் எந்தப் பள்ளியிலும் படித்து வந்தவர் இல்லை உன் அப்பா.

நான் கண்ட உண்மை இதுதான் தோழி. அடுப்புக்கும் வாய்க்கும் நடுவே இருக்கும் தூரத்தைக் குறைக்க அந்த உணவகம் எட்டுப் பேரை நிறுத்தியிருக்கிறது, தட்டைச் சூடாக்கி வைக்கிறது, நாற்காலி காலியானால் மீனைத் திருப்பி எடுத்துக்கொள்கிறது. உன் அப்பா அதைத் தனியாளாக, 20 காசுக்குச் செய்தார். உன் மகன் கற்கப் போவதும் அதையேதான். அவன் சட்டிக்குத் திரும்பிப் போகிறான் என்று நீ அழ வேண்டியதில்லை.

அங்கே எல்லாமே எனக்குப் பிடித்தது என்று நினைத்துவிடாதே. ஒவ்வொரு தட்டு வரும்போதும் அது எங்கே விளைந்தது, எப்படி ஊறியது என்று ஒருவர் நின்று விளக்கம் சொல்கிறார். அவர் பேசி முடிப்பதற்குள் ரசத்தின் ஆவி அடங்கிவிட்டது. இவ்வளவு பாடுபட்டுச் சூடாகக் கொண்டுவந்துவிட்டுப் பேச்சில் கோட்டை விடலாமா? சாப்பிட்ட பிறகு சொன்னால் இன்னும் ஆசையாகக் கேட்பேன்.

மிஷெலின் நட்சத்திரம் என்றால் என்ன, அதற்கு ஏன் உன் மகன் இப்படிப் பறக்கிறான் என்று கேட்டிருந்தாய். கார் டயர் செய்யும் பிரெஞ்சு நிறுவனம் 1900-இல் வண்டி ஓட்டுகிறவர்களுக்காகத் தொடங்கிய கையேடு மிஷெலின். சிறந்த சமையலுக்கு அது தருவதுதான் நட்சத்திரம். கோலாலம்பூருக்கும் பினாங்குக்கும் சேர்த்து முதல் பட்டியல் 2022 டிசம்பரில் வந்தது. நாலு உணவகங்களுக்கு ஆளுக்கொரு நட்சத்திரம், இரண்டு அங்கே, இரண்டு நம் ஊரில். கோலாலம்பூரின் தேவாக்கானுக்கு அடுத்த பட்டியலிலேயே இரண்டாவது நட்சத்திரம் கிடைத்தது. தேவனையும் மலாயில் சாப்பிடுவதைக் குறிக்கும் மாக்கானையும் சேர்த்து வைத்த பெயர். நம் நாட்டுக் காட்டிலும் கடலிலும் கிடைப்பதை வைத்துச் சமைக்கிறார்கள். நம் ஊரில் நட்சத்திரம் வாங்கியதில் ஒன்று பிஷப் ஸ்திரீட்டில் இருக்கும் ஆன்ட்டி கேய்க் லியனின் கடை. அது சீனமும் மலாயும் கலந்த நியோன்யா வீட்டுச் சமையல். அந்தச் செய்தி வந்த அன்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஒட்டுக்கடைகளும் அந்தக் கையேட்டில் இருக்கின்றன, நட்சத்திரம் இல்லை, நியாய விலைக்கு நல்ல சாப்பாடு என்ற வேறொரு வரிசையில்.

போன டிசம்பரில் பெஸ்தாவுக்கும் போனேன். மனசு கனத்துத்தான் திரும்பினேன். வரிசையாகப் பதினைந்து கடை, அதில் பாதிக்கு மேல் ஒரே மாதிரி உறைந்த சாசேஜைப் பொரித்துக் குச்சியில் குத்தித் தருகிறார்கள். எண்ணெய் கறுத்துக் கிடக்கிறது. பாட்டுச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்கவில்லை. ஒரே ஒருவர்தான் அந்தக் காலத்து ஆள், அப்பம் பாலிக் சுடும் சீனத் தாத்தா. வட்டச் சட்டியில் மாவை ஊற்றிச் சுழற்றி விளிம்பு வரை மெல்லிசாக ஏற்றுகிறார். வெண்ணெய், சர்க்கரை, இடித்த வேர்க்கடலை, கொஞ்சம் சோளம். விளிம்பு பழுப்பு நிறம் ஏறுவதற்காகக் காத்திருந்து, ஏறியதும் பாலிக், அதாவது திருப்பி ஒரே மடிப்பு, கையில் கொடுத்துவிடுகிறார். நான் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோகலாமா என்றேன். தலையை ஆட்டினார். இங்கேயே சாப்பிடு, சோளத்தில் ஈரம் இருக்கிறது, வீட்டுக்குப் போவதற்குள் துணி மாதிரி ஆகிவிடும் என்று மலாயில் சொன்னார். ராட்டினத்துக்குக் கீழே நின்றபடியே சாப்பிட்டேன். அவருக்குப் பக்கத்தில் கற்றுக்கொள்ள ஒருவரும் இல்லை. பிள்ளைகள் எல்லாம் சிங்கப்பூரில் என்றார்.

 

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். அவனை விடு, படிக்கட்டும். ஆனால் கவலைப்பட வேண்டியது எதற்கோ அதற்குக் கவலைப்படு. அந்தச் சுங்கை பட்டாணிப் பையனிடம் விசாரித்தேன். முதல் ஆறு மாதம் மீன் செதில் எடுப்பதும் வெங்காயம் நறுக்குவதும்தானாம். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறான். முழங்கை வரை சூட்டுத் தழும்பு. சம்பளம் உன் மகன் இப்போது வாங்குவதில் பாதிகூட இருக்காது என்று நினைக்கிறேன். இதையெல்லாம் அவன் தெரிந்துகொண்டு போகட்டும். கல்லூரியில் சேர்வதற்கு முன்னால் ஒரு மாதம் ஏதாவது ஒரு ஒட்டுக்கடையில் நிற்கச் சொல். உங்கள் ஜொகூர் பாருவில் பாசார் மாலாமுக்கு, அந்த இரவுச் சந்தைகளுக்குக் குறைவா? ஒரே பண்டத்தை ஒரு மாலையில் இருநூறு தடவை சுட்டுப் பார்த்தால் தனக்கு இது வருமா என்று அவனுக்கே தெரிந்துவிடும்.

இல்லையென்றால் டிசம்பரில் அவனை இங்கே கூட்டிக்கொண்டு வா. அந்தத் தாத்தாவிடம் நானே பேசுகிறேன். என் வீட்டில் இரண்டு அறை சும்மா கிடக்கிறது, ஒரு மாதம் முழுக்க இருங்கள். உன் அப்பாவின் இரும்புச் சட்டி இன்னும் உன் வீட்டில்தானே இருக்கிறது? துருப்பிடித்திருந்தால் புளி போட்டுத் தேய்த்து, எண்ணெய் தடவி வெயிலில் வை. வரும்போது எடுத்து வா. பருப்பு நான் ஊறப்போடுகிறேன்.

அன்புடன்,
உன் தோழி