மனமாற்றத்துக்காகக் காத்திருக்கலாகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சுற்றுச்சூழல் குறித்து நாளிதழ்களில் வெளிவரும் கட்டுரைகளைத் தொடர்ந்து படித்துவருகிறேன். அவற்றில் பெரும்பாலானவை வாசகருக்கான அறிவுரையோடு முடிகின்றன. நெகிழிப் பையைத் தவிர்க்க வேண்டும், தேவையற்ற விளக்குகளை அணைக்க வேண்டும், குறுகிய தூரத்துக்கு நடந்து செல்ல வேண்டும் என்கிறார்கள். இவற்றில் எதிலும் தவறில்லை. ஆனால், பல பத்தாண்டுகளாக இப்படிச் சொல்லிவந்தும் தீங்கான பழக்கங்கள் ஏன் குறையவில்லை என்ற கேள்வி எழும்போது, மக்களின் அலட்சியமும் சுயநலமும்தான் காரணம் என்று எளிதில் முடிவுகட்டிவிடுகிறோம். அந்த முடிவு நம்மைத் தவறான இடத்தில் தீர்வைத் தேட வைக்கிறது என்று கருதுவதாலேயே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

முதலில், நமக்கு விவரம் தெரியவில்லை என்று சொல்ல முடியாது. ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் அறிவியலாளர் சார்லஸ் டேவிட் கீலிங் 1958-இல் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடைத் தொடர்ச்சியாக அளக்கத் தொடங்கியபோது, அது பத்து லட்சத்துக்குச் சுமார் 315 பங்கு என்ற அளவில் இருந்தது. 2024-இல் அது 420-ஐத் தாண்டிவிட்டது. இடைப்பட்ட காலத்தில் ஐ.நா. மாநாடுகளும் உடன்படிக்கைகளும் நடந்தன, பாடப்புத்தகங்களில் தனிப் பாடங்களே சேர்ந்தன. அறிவு பெருகிய அதே ஆண்டுகளில்தான் புகையும் பெருகியிருக்கிறது. ஆகவே, இன்னும் கொஞ்சம் விழிப்புணர்வு ஊட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கைக்கு இந்த அறுபது ஆண்டு அனுபவம் இடம் தரவில்லை.

பழக்கம் என்பது என்ன என்று சற்று நெருங்கிப் பார்த்தால் இது புரியும். பொருள் வாங்குபவர் வாய் திறப்பதற்கு முன்பே பை நீட்டப்படுகிறது. அவர் அதை வாங்கிக்கொள்கிறார். அந்தக் கணத்தில் அவர் எந்த முடிவையும் எடுக்கவில்லை. யாரோ ஒருவர் எப்போதோ எடுத்த முடிவின் வழியே அவர் நடக்கிறார், அவ்வளவுதான். வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் இடையே இருபது கிலோமீட்டர் இருந்து, இடையில் நம்பத்தக்க பேருந்தும் இல்லையென்றால், அவர் வண்டியை எடுப்பதை விருப்பம் என்றே சொல்ல முடியாது. மின்கலம் பசையிட்டு ஒட்டப்பட்ட கைப்பேசி இரண்டே ஆண்டுகளில் சோர்ந்துபோனால், அதைத் திறந்து மாற்ற வழியில்லாமல் புதியதை வாங்குகிறார். அன்றாடச் செயல்களில் மிகப் பெரும்பகுதி இப்படி முன்கூட்டியே அமைக்கப்பட்டவை. மனிதரின் மன உறுதியோ மிகச் சிறிய இருப்பு. பிழைப்பு, பிள்ளைகள், உடல்நலம், கடன் என்று நாள் முழுவதும் செலவாகிக்கொண்டே இருப்பது. அதில் எஞ்சியதைக் கொண்டு உலகத்தின் காற்றையும் கடலையும் காப்பாற்றச் சொல்வது நியாயமுமல்ல, நடக்கக்கூடியதுமல்ல.

இதோடு தீங்கின் இயல்பும் சேர்ந்துகொள்கிறது. சுட்டால் கையை உடனே இழுத்துக்கொள்கிறோம். இங்கேயோ, இன்று எரித்ததன் விளைவு பல ஆண்டுகள் கழித்து, வேறோர் இடத்தில், பெரும்பாலும் எரிக்காதவர் தலையில் விழுகிறது. தான் ஒருவர் நிறுத்துவதால் என்ன ஆகிவிடும் என்று ஒவ்வொருவரும் எண்ணுவதைக் குற்றம் சொல்ல முடியவில்லை; தனியாக எடுத்துக்கொண்டால் அந்தக் கணக்கு சரியானதுதான். எல்லோரும் ஒரே நேரத்தில் மாறுவதற்கு உறுதி தரும் பொது ஏற்பாடு இல்லாதவரை அந்தக் கணக்கு மாறாது.

ஈயம் கலந்த பெட்ரோலின் வரலாறு இதற்கு நல்ல சான்று. வாகன எஞ்சினில் எழும் தட்டொலியை அடக்க, ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய தாமஸ் மிட்ஜ்லி, டெட்ரா எத்தில் ஈயம் என்ற சேர்மம் உதவும் என்று 1921-இல் கண்டறிந்தார். ஈயம் நஞ்சு என்பது பன்னெடுங்காலமாக அறியப்பட்ட செய்தி. ஆல்கஹால் கலந்தாலும் தட்டொலி அடங்கும் என்பதும் அதே ஆய்வாளர்களுக்குத் தெரியும். எனினும், காப்புரிமையும் லாபமும் ஈயத்தின் பக்கம் இருந்தன. 1924-இல் இந்தக் கலவையைத் தயாரித்த அமெரிக்க ஆலைத் தொழிலாளர்கள் சித்தம் கலங்கி இறந்த பிறகும் விற்பனை ஓரிரு ஆண்டுகள் தடைப்பட்டு மீண்டும் தொடர்ந்தது. குழந்தைகளின் இரத்தத்தில் ஈயம் சேர்ந்து அவர்களுடைய அறிவு வளர்ச்சியைக் குலைக்கிறது என்று நிறுவப்பட்ட பின்னும் பல நாடுகள் பல ஆண்டுகள் காத்திருந்தன. சாலை வாகனங்களுக்கான உலகின் கடைசி ஈய பெட்ரோல் அல்ஜீரியாவில் நின்றுபோனது 2021-இல். ஒரு நூற்றாண்டு ஆகியிருக்கிறது! இந்த நூற்றாண்டில் எந்த வாகன ஓட்டுநரும் மனம் திருந்தி ஈயத்தைக் கைவிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எழுபதுகளில் அமெரிக்காவில் வாகனப் புகைக்கு விதிகள் இறுகின. அதற்காகப் பொருத்தப்பட்ட, புகையின் நச்சைக் குறைக்கும் வினையூக்கி மாற்றிகளை ஈயம் பாழாக்கியது. அதன் பின் ஈயமற்ற பெட்ரோல் வந்தது. ஓட்டுநர் வழக்கம்போல் வண்டியை நிறுத்தினார், எரிபொருள் நிரப்பினார், போனார். அவர் பழக்கத்தைத் தொடாமலேயே அதன் தீங்கு அகற்றப்பட்டது.

பொறுப்பைத் தனிமனிதர் மீது சுமத்தும் வழக்கத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. 1953-இல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலம், திரும்ப நிரப்ப முடியாத பீர் புட்டிகளைத் தடைசெய்து சட்டம் இயற்றியது. அதே ஆண்டில், பொட்டலப் பொருள்களும் பானங்களும் தயாரிக்கும் நிறுவனங்களின் ஆதரவோடு அந்நாட்டில் ஒரு தூய்மை இயக்கம் தொடங்கப்பட்டது. குப்பை போடுபவர்தான் குற்றவாளி என்பது அந்த இயக்கத்தின் விளம்பரங்கள் திரும்பத் திரும்பச் சொன்ன செய்தி. புட்டி எப்படித் தயாரிக்கப்பட வேண்டும் என்ற கேள்வி மெல்லப் பின்னுக்குப் போனது. அந்தச் சட்டமும் சில ஆண்டுகளில் காலாவதியானது. நிறுவனங்கள் தம் லாபத்தைக் காப்பதில் வியப்பில்லை. அவர்கள் வகுத்துத் தந்த கோணத்திலேயே நாமும் இன்றுவரை பேசிக்கொண்டிருப்பதுதான் எனக்கு வருத்தமளிக்கிறது. 1950 முதல் 2015 வரை உலகில் உருவான சுமார் 630 கோடி டன் நெகிழிக் கழிவில் ஏறத்தாழ 9 விழுக்காடே மறுசுழற்சி செய்யப்பட்டது என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். குப்பையை ஒழுங்காகப் பிரித்துப் போட்ட கோடிக்கணக்கான கைகளின் உழைப்புக்குப் பின் எஞ்சிய நிலை இது.

தொழில்நுட்பம் தானாகவே நம்மை மீட்டுவிடும் என்போரும் உண்டு. நீராவி எஞ்சின்கள் குறைந்த நிலக்கரியில் ஓடத் தொடங்கியதால் நிலக்கரிச் செலவு கூடியதே தவிரக் குறையவில்லை என்று பொருளியலாளர் வில்லியம் ஸ்டான்லி ஜெவோன்ஸ் 1865-இலேயே சுட்டிக்காட்டிவிட்டார். சிக்கனமான கருவி வந்தால் அதை அதிகமாகப் பயன்படுத்துவது மனித இயல்பு. விலையும் சேர்ந்தே தவறான பக்கம் தள்ளுகிறது: 2022-இல் உலக அரசுகள் புதைபடிவ எரிபொருள்களுக்கு அளித்த நேரடி மானியம் மட்டும் 1.3 லட்சம் கோடி டாலர் என்பது பன்னாட்டு நாணய நிதியத்தின் மதிப்பீடு. ஒரு கையால் எரிபொருளை மலிவாக்கிக்கொண்டு, மறு கையால் அதைக் குறைக்கச் சொல்லிச் சுவரொட்டி ஒட்டினால் மக்கள் எதை நம்புவார்கள்?

அப்படியானால், விதிகளை மாற்ற அரசுகள் ஏன் தயங்குகின்றன? இழப்பு முன்கூட்டியே தெரிகிறது. பலன் பின்னால்தான் தெரிகிறது. இந்த இடைவெளியைக் கடப்பதே முழுச் சிக்கலும் என்று நினைக்கிறேன். ஸ்வீடனின் ஸ்டாக்ஹோம் நகரம் அதைக் கடந்த விதம் ஆழ்ந்து கவனிக்கத்தக்கது. நகர மையத்துக்குள் நுழையும் வண்டிகளுக்கு நெரிசல் கட்டணம் விதிக்கப்போவதாக அறிவிக்கப்பட்டபோது பெரும்பான்மையினர் எதிர்த்தார்கள். எனினும், 2006 ஜனவரி முதல் ஜூலை வரை கட்டணத்தைச் சோதனையாக நடத்திப் பார்த்துவிட்டு, அதன் பிறகு மக்களிடம் வாக்கெடுப்பு நடத்துவதென்று முடிவாயிற்று. கட்டணம் தொடங்குவதற்குச் சில மாதங்கள் முன்பே கூடுதல் பேருந்துகள் ஓடத் தொடங்கிவிட்டன. எல்லையைக் கடக்கும் வண்டிகள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. சோதனைக் காலம் முடிந்து செப்டம்பரில் வாக்கெடுப்பு நடந்தபோது, நகரவாசிகளில் பாதிக்குச் சற்று மேற்பட்டோர் கட்டணம் தொடர வேண்டும் என்று வாக்களித்தார்கள். 2007-இல் அது நிரந்தரமாயிற்று. பின்வந்த ஆண்டுகளில் ஆதரவு மேலும் கூடியது. முதலில் ஏற்பாடு மாறியது, பிறகு பழக்கம் மாறியது, கடைசியில்தான் கருத்து மாறியது. நாமோ கருத்து மாறிய பிறகே மற்றவை நடக்கும் என்று எண்ணி, ஆண்டுகளைக் கைநழுவ விட்டுக்கொண்டிருக்கிறோம். அயர்லாந்திலும் இதுவே நடந்தது. அங்கே 2002-இல் நெகிழிப் பை ஒவ்வொன்றுக்கும் 15 சென்ட் தீர்வை விதிக்கப்பட்டதும் பைப் பயன்பாடு 90 விழுக்காட்டுக்கு மேல் விழுந்தது. தொகை அற்பமானது, ஆனால், கேளாமல் நீட்டப்பட்ட பை கேட்டு வாங்க வேண்டிய பொருளாகிவிட்டது.

விதி போட்டுவிட்டால் போதும் என்று நான் வாதிடுவதாக எண்ண வேண்டாம். 2018 நவம்பரில் பிரான்ஸில் எரிபொருள் வரி உயர்வை எதிர்த்து மஞ்சள் அங்கி அணிந்து வீதிக்கு வந்தவர்களில் பலர், காரை விட்டால் வேறு போக்குவரத்து இல்லாத சிற்றூர்களில் வாழ்பவர்கள். அடுத்த மாதமே அரசு அந்த உயர்வைக் கைவிட வேண்டியதாயிற்று. ஸ்டாக்ஹோமில் பேருந்து முன்னே வந்தது, கட்டணம் பின்னே வந்தது. பிரான்ஸில் வரி மட்டும் வந்தது. மாற்று வழி கொடுக்காமல் சுமையை மட்டும் கூட்டினால், அதுவும் மிகக் குறைவாக மாசுபடுத்துபவர் தோளில் ஏற்றினால், மக்கள் எதிர்ப்பது நியாயமே. அடிக்கடி விமானத்தில் பறப்பவரையும் பேருந்துக்குக் காத்திருப்பவரையும் ஒரே தட்டில் வைத்து ‘நாம் அனைவரும் மாற வேண்டும்’ என்று பேசுவதை இனியாவது நிறுத்த வேண்டும்.

தனிமனிதரின் முயற்சி வீண் என்பதும் என் கருத்தன்று. மாறிக் காட்டுபவரைப் பார்த்துப் பக்கத்து வீட்டார் மாறுகிறார்கள். அவர்கள் பலராகும்போது விதி கேட்கும் குரலும் வலுக்கிறது. தெளிப்பான் புட்டிகளில் பயன்பட்ட குளோரோபுளூரோகார்பன் வாயுக்கள் ஓசோன் படலத்தை அழிக்கக்கூடும் என்று 1974-இல் வேதியியலாளர்கள் மரியோ மொலினாவும் ஷெர்வுட் ரோலண்டும் எச்சரித்தபோது, அமெரிக்காவில் பலர் தாமாகவே தெளிப்பான் புட்டிகளை வாங்குவதைக் குறைத்தார்கள். ஆனால், அந்த உணர்வு அதோடு நின்றிருந்தால் ஓசோன் தப்பியிருக்காது. அது 1978-இல் அங்கே தடையாகவும், 1987-இல் பன்னாட்டு மாண்ட்ரியல் உடன்படிக்கையாகவும் வளர்ந்ததால்தான் இன்று அந்தப் படலம் மெல்லத் தேறிவருகிறது.

எனவே, ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒரு தீங்கான பழக்கத்தைப் பற்றி எழுதும்போதெல்லாம் அதைத் தாங்கி நிற்கும் விதி எது, விலை எது, அதனால் ஆதாயம் அடைபவர் யார் என்பதையும் விசாரித்து வெளியிட வேண்டும். புதிய கட்டுப்பாடு எதுவும் அறிவிக்கப்படும்போது, மாற்று ஏற்பாடு முன்கூட்டியே தயாராக இருக்கிறதா என்று அதிகாரிகளிடம் கேட்க வேண்டும். தொடக்க நாளன்று எழும் எதிர்ப்புக்குத் தரும் அதே இடத்தை, ஓராண்டு கழித்து அதே மக்களிடம் திரும்பச் சென்று அவர்கள் சொல்வதற்கும் ஒதுக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்