பரிசல் கரையில் கிடக்கும் நாட்களுக்கு: பண்ணவாடித் தங்கச்சிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தங்கச்சிக்கு,

பரிசலின் அடி பிளந்துவிட்டது, பைபர் ஒட்டுகிற ஆள் வர ஒரு வாரம் ஆகும் என்று எழுதியிருந்தாய். நீயும் மாப்பிள்ளையும் அந்த ஒரு பரிசலை நம்பித்தான் இருக்கிறீர்கள். ஒருவர் துடுப்புப் போட, ஒருவர் வலை விட என்று பழகின கைகள் சும்மா இருந்தால் அவசரம் வரத்தான் செய்யும். ஆனால் ஈரம் போகாமல் ஒட்டிய பரிசல் சீக்கிரமே அதே இடத்தில் பிரியும். அப்போது இரண்டு முறை செலவு, இரண்டு முறை காத்திருப்பு. அதனால்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

தண்ணீருக்குள் வலை ஏதும் கிடந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். பக்கத்து மீனவர் முகாமில் பரிசல் இரவல் கேளுங்கள், கிடைக்கிற மீனில் பங்கு கொடுத்துவிடலாம். இரண்டு நாள் எடுக்காமல் விட்டால் மாட்டின மீன் அழுகும், வலையும் நாறும். காற்றில் நகர்ந்து பாறையில் சிக்கினால் அந்த வலை போனதுதான்.

அடுத்தது பரிசலைப் போட்டிருக்கிற இடம். ஆனி, ஆடியில் கர்நாடகத்தில் கபினி, கிருஷ்ணராஜசாகர் அணைகள் நிரம்பித் திறந்தார்கள் என்றால் நம் மேட்டூர் அணைக் கரை ஒரே ராத்திரியில் மேலேறும். 2024 ஜூலைத் தொடக்கத்தில் 40 அடியை ஒட்டி இருந்த மேட்டூர் நீர்மட்டம், அதே மாதம் 30ஆம் தேதி 120 அடியைத் தொட்டது. அதனால் பரிசலை மேட்டில், மர நிழலில் கவிழ்த்து, காற்று தூக்காதபடி கயிறு போட்டுக் கட்டுங்கள். நிழல் வெயிலுக்காக மட்டும் இல்லை, ஒட்டும் வேலைக்கும் அதுதான் வேண்டும்.

பரிசல் ஏன் பிளந்தது என்று மாப்பிள்ளை யோசித்துக்கொண்டிருப்பார். அணைக்குள் மூழ்கிக் கிடக்கிற பண்ணவாடி நந்தி சிலை வெளியே தெரிகிற அளவுக்குத் தண்ணீர் இறங்கினால், அணை கட்டும் முன் இருந்த ஊர்களின் சுவரும் கல்லும் அடியில் உரசும் ஆழத்துக்கு வந்துவிடும். அதைவிடப் பெரிய காரணம் கரையில் இழுப்பது. வலையும் மீனுமாகக் கனத்த பரிசலைக் கல்லில் இழுத்தால், நடு அடிப்பகுதி ஒவ்வொரு நாளும் கொஞ்சம் தேயும். கடைசியில் ஒரு சின்னக் கல் போதும்.

ஓட்டை எங்கே என்று கண்ணால் தேடவேண்டாம். பரிசலை நிமிர்த்தி, நாலு கல்லின் மேல் வைத்து, உள்ளே இரண்டு குடம் தண்ணீர் ஊற்றி, வெளியே கசிகிற இடத்தையெல்லாம் சாக்பீஸால் வட்டமிடுங்கள். பிறகு வட்டத்தைச் சுற்றி ஒரு ரூபாய்க் காசால் தட்டிப் பார். கணீரென்று கேட்டால் நல்ல பைபர். மொத்தென்று கேட்டால் உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கின்றன, அதையும் சேர்த்துத்தான் எடுக்கவேண்டும். முன்பு எம்-சீல் வைத்து அடைத்த இடம் இருந்தால் அதைச் சுரண்டி முழுதும் எடுத்துவிடுங்கள். அதன்மேல் பைபர் ஒட்டுகிற பசையான பாலியஸ்டர் ரெசின் சரியாகப் பிடிக்காது. சோதனை முடிந்ததும் பாசியும் மீன் கவிச்சியும் போக சோப்புப் போட்டுக் கழுவி, மூன்று நாள் நன்றாகக் காயவிடுங்கள். ஆள் வர ஒரு வாரம் ஆவது இதற்கு நல்லதுதான்.

ஆள் வந்ததும் தேய்க்கும் வேலையைப் பக்கத்தில் நின்று பார். பிளவின் மேலேயே ஒரு துண்டு ‘மேட்’ (கண்ணாடி இழை விரிப்பு) ஒட்டி, பெயின்ட் அடித்துக் காசு வாங்கிப் போகிறவர்களும் உண்டு. 3 மில்லிமீட்டர் தடிமன் உள்ள அடி என்றால், பிளவின் இரண்டு பக்கமும் ஒன்றரை அங்குலம் வரை சரிவாகத் தேய்க்கவேண்டும். பளபளப்பு ஒரு புள்ளிகூட இருக்கக்கூடாது. அந்தத் தூசி தோலில் ஏறினால் அரிக்கும். முழுக்கைச் சட்டையும் மூக்குக்கு மாஸ்க்கும் கட்டாயம். வேலை முடிந்ததும் தோலைத் தேய்க்காமல் பச்சைத் தண்ணீர் ஊற்றிக் கழுவவேண்டும்.

சரக்கை நீங்களே சேலத்தில் வாங்கி வைத்தால் செலவு குறையும். கணக்கு இப்படி: ஒரு சதுர அடிக்கு 450 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 450 கிராம்) மேட் ஒரு அடுக்கு 42 கிராம் வரும், அது சுமார் 100 கிராம் ரெசின் குடிக்கும். ஒரு அடுக்கு காய்ந்தால் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் தடிமன். மூன்று அடுக்குக்குக் குறைய விடாதே, ஒவ்வொன்றும் முந்தினதைவிட ஒரு அங்குலம் பெரிதாக இருக்கட்டும். ரெசின் டப்பாவை ஆட்டிப் பார்த்து வாங்கச் சொல், கூழாக இருந்தால் பழைய சரக்கு. எல்லாம் தீப்பிடிக்கிற பொருள், பஸ்ஸில் கொண்டுவரக்கூடாது.

தங்கச்சி, இதை மட்டும் மறக்கவே கூடாது. ரெசினை இறுகவைக்கிற ஹார்டனரும், அதை வேகப்படுத்துகிற கோபால்ட்டும் நேருக்கு நேர் கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். இரண்டையும் தனித்தனிப் பையில், அடுப்புக்கு எட்டாத இடத்தில் வை. முதலில் ரெசினில் கோபால்ட்டை ஊற்றி நன்றாகக் கலக்கி, அதன்பிறகுதான் ஹார்டனர். நம் பக்கத்து வெயிலுக்கு ஒரு கிலோவுக்கு இரண்டும் பத்துப் பத்து மில்லி போதும். அதிகம் ஊற்றினால் சீக்கிரம் இறுகிச் சுருங்கும், ஓரம் தூக்கும். ஒரு தடவைக்கு 250 கிராமுக்கு மேல் கலக்காதீர்கள், மக்கிலேயே சூடேறிப் புகையும். பிரஷ்ஷால் இழுக்காமல் குத்திக் குத்தி ஊறவைக்கவேண்டும். வெள்ளையாகத் தெரிகிற இடத்தில் ரெசின் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். கடைசி அடுக்கின் மேல் பிளாஸ்டிக் தாளை நீவி மூடினால் மேற்பரப்பு பிசுபிசுக்காமல் காயும். காலை பனி உலர்ந்த பிறகு ஆரம்பித்துப் பத்து மணிக்குள் முடிப்பது நல்லது.

மற்ற வேளைகளுக்கு வலை இருக்கிறது. தங்கூசி வலை (ஒற்றை நைலான் நரம்பு வலை) வெயிலில் கிடந்தால் நரம்பு முறுமுறுவென்று ஆகிவிடும், நிழலில் தொங்கவிட்டே பாருங்கள். ஓட்டையை அப்படியே பின்னாமல், ஓரத்தை முதலில் வெட்டிச் சரிசெய்யவேண்டும். மேல் மூலையில் மூன்று கால் (முடிச்சிலிருந்து போகிற நரம்பு) நிற்கிற முடிச்சில் ஆரம்பித்து, கீழே மூன்று கால் முடிச்சில் முடியவேண்டும். நடுவில் எல்லா முடிச்சிலும் இரண்டு கால்தான் நிற்கவேண்டும். தங்கூசி வழுக்கும், ஆகவே இரட்டை முடிச்சு. புது வலை கோர்ப்பதானால் 50 மீட்டர் மேல்கயிற்றுக்கு 100 மீட்டர் வலை. இறுக்கிக் கோர்த்தால் ஜிலேபிக் கெண்டை மாதிரி அகன்ற மீன் கண்ணியில் சரியாக மாட்டாது.

இரவல் பரிசலில் கிடைக்கிற பொடி மீனை அடிமாட்டு விலைக்குக் கொடுக்காமல் கருவாடு போடு. குடலை எடுத்து, நாலு கிலோ மீனுக்கு ஒரு கிலோ கல்லுப்பு, ஒரு ராத்திரி ஊறவிட்டு, பழைய வலையைக் கட்டிலில் விரித்து அதன்மேல் காயவை. மணலில் போட்டால் வாங்குகிறவர்கள் முகம் சுளிப்பார்கள். வியாபாரி முன்பணம் தருகிறேன் என்று வந்தால், கிலோவுக்கு என்ன விலை, எந்த மீனுக்கு என்ன விலை என்று நோட்டில் எழுதி, அவரே கையெழுத்துப் போட்டபிறகு வாங்கு. கைமுடையில் வாங்குகிற பணத்துக்குத்தான் விலை குறைப்பார்கள்.

தண்ணீர் பச்சையாகி வாடை அடித்தால் அதைச் சமையலுக்கு எடுக்காதே. அந்தப் பாசியின் நஞ்சு காய்ச்சினாலும் போகாது. குழாய்த் தண்ணீரையே குடத்தில் கொண்டுவா.

ஒட்டி ஒரு நாளில் கைக்குக் கட்டியாகத்தான் தெரியும், ஆனாலும் மூன்று நாள் விடுங்கள். பிறகு பழையபடி உள்ளே தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். கசிவு இல்லையென்றால் ஆளுக்கொரு பக்கம் தூக்கி இறக்குங்கள், இனி ஒருநாளும் இழுக்கவேண்டாம். முதல் இரண்டு நாள் கரையோரமாகப் பாதி வலை மட்டும் விடுங்கள், ஆடிக்காற்று எழுந்தால் அன்றைக்குப் போகவே வேண்டாம். இரண்டாம் நாள் காலையில் ஒட்டின ஓரத்தை நகத்தால் சுற்றித் தடவிப் பார். எங்காவது நகம் மாட்டினால் உடனே கரையேற்றிவிட்டு எனக்குச் சொல்.

அன்புடன்,
அண்ணன்