எந்தச் சான்றிதழ் எந்த வேலைக்கு? தமிழில் ஒரு பக்கம் போதும்

யோகக் கல்விக்குப் பொறுப்பான மத்திய, மாநில அதிகாரிகளுக்கு,

வணக்கம். திருப்பூரில் ஒரு பூங்காவில் காலை வகுப்பு எடுக்கிறேன். உங்களுக்கு வேலை அதிகம் என்பதால் கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: யோகா ஆசிரியர் ஆக நினைப்பவருக்கு, எந்தச் சான்றிதழ் எந்த வேலைக்குச் செல்லும் என்று தமிழில் ஒரே ஒரு பக்கம் வெளியிடுங்கள்.

என்னிடம் யோகா பழகிய பெண் ஒருத்தி பனியன் கம்பெனியில் ஓவர்லாக் அடிக்கிறவள். வளையலை அடகு வைத்து ஒரு தனியார் மையத்தின் 200 மணி நேரப் பயிற்சியில் சேர்ந்தாள். 'சர்வதேச அங்கீகாரம்' என்பது விளம்பரம். ஷிப்ட் முடிந்து வந்து கைபேசியிலேயே படித்து முடித்தாள். சான்றிதழோடு பள்ளி ஒன்றில் வேலை கேட்டால், "இது செல்லாதும்மா, ஆயுஷ் சர்டிபிகேட் இருக்கா?" என்றார்களாம். ஆயுஷ் என்பது யோகாவுக்கும் மரபு மருத்துவத்துக்குமான மத்திய அமைச்சகம். அதன் சான்றிதழ் ஒன்று உண்டு என்று பணம் வாங்கியவர்கள் மூச்சுவிடவில்லை. வளையலுக்கு வட்டி ஏறிக்கொண்டிருக்கிறது.

சான்றிதழ் கிடக்கட்டும். அவளுக்கு என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டுப் பார்த்தேன். ஆசனங்களின் பெயரும் பலனும் ஒப்பிக்கிறாள். ரத்த அழுத்தம் அதிகம் உள்ளவரையும் கிளாக்கோமா என்ற கண் நோய் உள்ளவரையும் தலைகீழாக நிற்கும் சிரசாசனத்தில் நிறுத்தக் கூடாது என்று அவளுக்குத் தெரியாது. கர்ப்பிணிக்கு, வயிற்றை உள்ளிழுத்து வேகமாக மூச்சுவிடும் கபாலபாதி கூடாது என்றும் தெரியாது. முதுகில் டிஸ்க் விலகியவர் வந்தால், உட்கார்ந்து முன்னே குனியும் பச்சிமோத்தானாசனத்தை விட்டுவிட்டு வேறு என்ன கொடுப்பது என்றேன், விழித்தாள். எதிரில் ஓர் ஆளை வைத்துச் சொல்லிக்கொடுக்க ஒரு நாள்கூட விட்டதில்லையாம். தன் உடம்பு வளைவதா ஆசிரியருக்கான தகுதி? வளையாத உடம்போடு வருகிறவரைக் காயமில்லாமல் வீட்டுக்கு அனுப்பத் தெரிய வேண்டாமா?

வழிகள் இல்லாமல் இல்லை. 2018 முதல் ஆயுஷ் அமைச்சகத்தின் கீழ் யோகா சான்றளிப்பு வாரியம் இருக்கிறது. பயிற்றுநர், ஆசிரியர், சிகிச்சையாளர் என்று தனித்தனிப் படிகள், எழுத்துத் தேர்வோடு செய்முறையும் உண்டு. 'சர்வதேச அங்கீகாரம்' என்று சொல்லப்படும் யோகா அலையன்ஸ், அமெரிக்காவில் உள்ள அரசு சாராத சங்கம். அங்கே பதிவு செய்வது அரசு உரிமம் ஆகாது. மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகத்தில் யோகா படிக்கலாம். மருத்துவராக வேண்டுமா, அரும்பாக்கம் அரசுக் கல்லூரியில் ஐந்தரை ஆண்டு பி.என்.ஒய்.எஸ்., அதாவது இயற்கை மருத்துவ, யோகா பட்டப்படிப்பு. கல்லூரியில் பாடம் நடத்த தகுதி தரும் நெட் தேர்விலும் 2017 முதல் யோகா வந்துவிட்டது. ஒவ்வொன்றும் ஒவ்வோர் ஊருக்குப் போகும் பஸ். ஆனால் எந்தப் பஸ்ஸிலும் போர்டு இல்லை. கூவி ஏற்றுகிறவர் சொல்வதுதான் ஊர்.

சர்வதேச யோகா தினமான ஜூன் 21 வந்தால் மைதானம் கொள்ளாத விரிப்பு, மேடை கொள்ளாத பிரமுகர்கள். 2015-இல் தொடங்கிய கொண்டாட்டம். குறை சொல்லவில்லை, படங்கள் நன்றாகவே வருகின்றன. அந்த விரிப்பில் உட்காருகிறவர்களுக்கு மறுநாள் சொல்லிக்கொடுக்கப்போவது யார், அவர் எங்கே படித்தார் என்பதுதான் யாருக்கும் கவலையில்லை. 2020-இல் இந்திய மருத்துவ முறைகளின் கல்வியைக் கவனிக்கத் தேசிய ஆணையம் அமைக்கச் சட்டம் வந்தது. ஆயுர்வேதம், சித்தா, யுனானி, திபெத்திய மருத்துவமான சோவா ரிக்பா எல்லாம் அதற்குள். யோகாவும் இயற்கை மருத்துவமும் வெளியே. உலகத்துக்கே கொடுத்துவிட்ட மிச்சம் நமக்கு இல்லை போலும்.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். புதிய வாரியமோ குழுவோ கேட்கவில்லை. பள்ளி, உடற்பயிற்சிக்கூடம், மருத்துவமனை, வெளிநாடு: ஒவ்வொன்றுக்கும் எந்தச் சான்றிதழ், எத்தனை மணி நேரம், அதில் நேரில் எவ்வளவு, கட்டணம் என்ன, ஏமாந்தால் யாரிடம் முறையிடுவது. அந்த ஒரு பக்கத்தைத் தமிழில் தாருங்கள்.

தயவுசெய்து அடுத்த ஜூன் 21-க்கு முன் அனுப்பிவையுங்கள். பனியன் கம்பெனி வாசல்களில் ஒட்டுவது என் பொறுப்பு. பசைச் செலவும் என்னுடையதே.

இப்படிக்கு,
திருப்பூரிலிருந்து ஒரு யோகா ஆசிரியை