டெக்கனுக்கு எல்லாத் தலைமுறையையும் எழுதி வைக்க வேண்டாம்: கேமிங் விழாக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி, தங்கைகளுக்கு,

வணக்கம். வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை பக்கத்துக் கல்லூரிகளில் கேமிங் விழா நடத்தும் மாணவர் குழுக்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். எழுத வைத்தது ஒரே ஒரு விழா. எந்தக் கல்லூரி என்று சொல்லப் போவதில்லை. சம்பந்தப்பட்டவர்களுக்குப் படிக்கும்போதே தெரிந்துவிடும்.

அந்த விழாவில் பட்டிமன்றம் வைத்திருந்தீர்கள். 'கன்சோல் தலைமுறைதோறும் கோலோச்சிய சண்டை விளையாட்டு எது?' என்று தலைப்பு. (கன்சோல் என்றால் டிவியில் செருகி ஆடும் கேம் பெட்டி. சில வருடத்துக்கு ஒருமுறை புதுப் பெட்டிகள் வரும், அதுதான் தலைமுறை.) பார்த்ததுமே சத்துவாச்சாரியிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். டெக்கனுக்கு ஓர் அணி, ஸ்ட்ரீட் ஃபைட்டருக்கு ஓர் அணி, மார்ட்டல் காம்பாட்டுக்கு ஓர் அணி. பேசிய பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன், வெளுத்து வாங்கினார்கள். நடுவர்தான் கடைசியில், அதிகம் விற்றது டெக்கன், ஆகவே அன்றும் இன்றும் என்றும் டெக்கனே என்று மணியடித்து முடித்துவிட்டார். போகட்டும், பட்டிமன்றத் தீர்ப்பை யார் மனதில் வைத்துக்கொள்கிறார்கள்? ஆனால் அதே மேடையில், அடுத்த வருடப் போட்டியில் டெக்கன் 8 மட்டும்தான் என்று அறிவித்தீர்களே, அதை அப்படியே விட்டுவிட முடியவில்லை.

முதலில் அந்த விற்பனைக் கணக்கு. விற்பனைதான் அளவுகோல் என்றால் டெக்கன் தோற்றுவிடும். டெக்கன் 7 ஒரு கோடிக்கு மேல் விற்றது உண்மை. அதே தலைமுறையில் மார்ட்டல் காம்பாட் 11 ஒன்றரைக் கோடியைத் தாண்டியது. 2018இல் நிண்டெண்டோ பெட்டிக்கு வந்த சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் அல்டிமேட் மூன்று கோடிக்கும் மேல். மாரியோவும் பிக்காச்சுவும் அடித்துக்கொள்வது சண்டை விளையாட்டே இல்லை என்று சண்டைக்கு வருபவர்கள் உண்டு. அதைச் சேர்க்காமல் விட்டாலும் முதலிடம் டெக்கனுக்கு வராது. நம் பக்கம் நிண்டெண்டோவைக் கண்ணில் பார்த்தவர்களே குறைவு என்பதால் அந்த மூன்று கோடி யார் ஞாபகத்துக்கும் வரவில்லை, அவ்வளவுதான்.

என் கணக்கு வேறு. ஒரு விளையாட்டு வந்த பிறகு மற்றவர்கள் தங்கள் வேலையை மாற்றிக்கொள்ள வேண்டி வந்ததா? வந்திருந்தால் அந்தத் தலைமுறை அதனுடையது.

இந்தக் கணக்கில் 16 பிட் காலத்துக்கு, அதாவது சூப்பர் நிண்டெண்டோ, சேகா மெகா டிரைவ் பெட்டிகளின் காலத்துக்கு, விவாதமே தேவையில்லை. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2. 1991இல் ஆர்கேடில், அதாவது காசு போட்டு ஆடும் இயந்திரத்தில் வந்தது, 1992இல் சூப்பர் நிண்டெண்டோவுக்கு வந்து 63 லட்சம் விற்றது. அதைவிடப் பெரிய சாட்சி சேகாவின் பேட், கையில் பிடித்து ஆடும் பட்டன் கருவி. குத்துக்கு மூன்று, உதைக்கு மூன்று என்று இந்த விளையாட்டுக்கு ஆறு பட்டன் வேண்டும். சூப்பர் நிண்டெண்டோ பேடில் மேலே நான்கும் தோளில் இரண்டுமாக ஆறு இருந்தது. சேகா மெகா டிரைவில் மூன்றுதான். கடைசியில் சேகா ஆறு பட்டன் பேடைத் தனியாகச் செய்து 1993இல் இறக்கியது. ஒரு கம்பெனி தன் பேடையே மாற்றிச் செய்யும்படி ஆயிற்று என்றால், கோலோச்சுவது என்று அதைத்தானே சொல்ல வேண்டும்? டேட்டா ஈஸ்ட் கொண்டுவந்த ஃபைட்டர்ஸ் ஹிஸ்டரி அப்படியே எங்களுடைய நகல் என்று ஸ்ட்ரீட் ஃபைட்டரைச் செய்த கேப்காம் வழக்குப் போடும் அளவுக்குப் போலிகள் பெருகின. வழக்கில் கேப்காம் ஜெயிக்கவில்லை என்பது வேறு கதை.

அப்புறம் காம்போ, அதாவது விடாமல் தொடர்ந்து விழும் அடிகள். இன்று நீங்கள் டெக்கனில் ஆளைத் தூக்கிப் போட்டு, கீழே விழ விடாமல் அடித்துக்கொண்டே போகிறீர்களே, அதற்கு மூலம் எங்கே? ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 தயாரான சமயத்தில், காரை உடைக்கும் போனஸ் கட்டத்தைச் சோதித்துக்கொண்டிருந்த கேப்காமின் ஃபுனாமிசு, ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே இன்னோர் அடி விழுவதைக் கவனித்தார். அது திட்டமிட்டு வைத்தது இல்லை. ஆட்டத்தில் இதை யாரும் சுலபமாகச் செய்துவிட முடியாது என்று நினைத்து அப்படியே விட்டுவிட்டார்கள். சுலபமாகச் செய்தார்கள்! டெக்கன் அணியில் பேசிய தம்பி காம்போவை டெக்கன் கண்டுபிடித்தது என்று சொன்னபோது அரங்கம் கைதட்டியது. எனக்கு எழுந்து நிற்கலாம் போல இருந்தது.

மார்ட்டல் காம்பாட் அணி கையில் நல்ல சீட்டு ஒன்று இருந்தது, இறக்கவே இல்லை. 1993 செப்டம்பரில் அது வீட்டுக் கன்சோல்களுக்கு வந்தபோது சூப்பர் நிண்டெண்டோவில் ரத்தத்தை எடுத்துவிட்டுச் சாம்பல் நிற வியர்வையைப் போட்டார்கள். சேகாவில் ஒரு ரகசிய பட்டன் வரிசையை அழுத்தினால் ரத்தம் வரும். படம் சூப்பர் நிண்டெண்டோவில்தான் அழகு, ஆனாலும் கூட்டம் சேகா பக்கம் போயிற்று. அந்த டிசம்பரில் அமெரிக்க செனட்டில் விசாரணையே நடந்தது, மறு வருடம் வயது வரம்பு முத்திரை வந்தது. அடுத்த பாகத்தில் நிண்டெண்டோவும் ரத்தத்தை அனுமதித்துவிட்டது. இத்தனை பேரை மாற வைத்ததற்காக, அந்தத் தலைமுறையில் சேகா வீட்டு வரவேற்பறையை மட்டும் மார்ட்டல் காம்பாட்டுக்குக் கொடுக்க நான் தயார். ஒரு தலைமுறைக்கு ஒரே ராஜா என்று தலைப்பு வைத்ததே இடிக்கிறது.

இனி டெக்கன் ரசிகர்கள் நிம்மதியாகப் படிக்கலாம். பிளேஸ்டேஷன் 1 காலம் டெக்கனுடையது, மறுக்க மாட்டேன். ஆனால் கதவைத் திறந்தது 1993இல் வந்த சேகாவின் விர்ச்சுவா ஃபைட்டர். முப்பரிமாண உருவங்கள் அடித்துக்கொள்வதை முதலில் காட்டியது யூ சுசுகியின் அந்தக் குழுதான். பிறகு ஏன் டெக்கன் முந்தியது? சேகாவின் ஆர்கேட் பலகை விலை உயர்ந்தது, வீட்டுக்கு வந்த சேகாவின் கன்சோல் சாட்டர்னால் அதற்கு ஈடு கொடுக்க முடியவில்லை. டெக்கனைச் செய்த நாம்கோ காட்டியது கெட்டிக்காரத்தனம். ஆர்கேட் பலகையையே பிளேஸ்டேஷனின் உட்பாகங்களை வைத்துக் கட்டியது. கடையில் ஆடியது கிட்டத்தட்ட அப்படியே வீட்டுக்கு வந்தது. கூடவே இடது கை, வலது கை, இடது கால், வலது கால் என்று நான்கு பட்டன். புதிதாக உட்காருபவருக்கு இரண்டு நிமிடத்தில் பிடிபட்டுவிடும். 1998இல் பிளேஸ்டேஷனுக்கு வந்த டெக்கன் 3 எண்பது லட்சத்துக்கு மேல் விற்றதற்கு இதெல்லாம் சேர்ந்துதான் காரணம். அந்த மகுடம் நியாயமானது.

இதெல்லாம் ஜப்பான், அமெரிக்கக் கதை. நம் ஊர்க் கதையை மேடையில் ஒருவர்கூடத் தொடவில்லையே என்பதுதான் என் பெரிய வருத்தம். தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று வேலூரைக் கிண்டல் செய்வார்கள். (சாமி 1981லேயே எங்கள் சத்துவாச்சாரியிலிருந்து கோட்டைக்குத் திரும்பிவிட்டார், கிண்டல்தான் இன்னும் திரும்பிப் போகவில்லை.) அந்தப் பட்டியலில் கன்சோல் இல்லாத கன்சோல் தலைமுறையையும் சேர்த்துவிடலாம். சூப்பர் நிண்டெண்டோவையும் சேகாவையும் நாங்கள் படத்தில்தான் பார்த்தோம். எங்கள் வீட்டுக்கு வந்தது 'டிவி கேம்' என்ற எட்டு பிட் நகல் பெட்டி. அதில் செருகும் கேசட்டில் கொனாமியின் யீ ஆர் குங்ஃபூ இருக்கும், அதுதான் எங்கள் முதல் சண்டை. அந்த எட்டு பிட் பெட்டிக்கு ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2ஐ கேப்காம் வெளியிடவே இல்லை. ஆனாலும் கேசட்டில் இருந்தது! முறையான அனுமதி எதுவும் இல்லாமல் யாரோ செய்து அனுப்பிய அந்தத் திருட்டுப் பதிப்பில் ஆள் எண்ணிக்கை குறைவு, குரல் கரகரக்கும், தால்சிம் கை நீட்டினால் பாதி கை மின்னி மறையும். இந்தியாவிலிருந்து ஒருவன் இருக்கிறானே என்று தால்சிமை எடுத்து அடி வாங்காத பையன் எங்கள் தெருவில் கிடையாது.

அடுத்து ப்ரௌசிங் சென்டர் காலம். எமுலேட்டரில், அதாவது பழைய கேம் இயந்திரம் போலக் கணினியை நடிக்க வைக்கும் மென்பொருளில், கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ் 97, அப்புறம் 2002. ஒரே கீபோர்டில் இரண்டு பேர் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார வேண்டும். பழைய கீபோர்டில் ஒரே நேரத்தில் பல சாவிகளை அழுத்தினால் சில பதிவாகாது. இது தெரிந்த கில்லாடி ஒருவன், ஆபத்து வரும்போது தன் பக்கத்துச் சாவிகள் மூன்றை அமுக்கிப் பிடித்துக்கொள்வான். எதிராளி எவ்வளவு தட்டினாலும் அவன் ஆள் அசைய மாட்டான். சென்டர் அண்ணன் வந்து தலையில் ஒன்று போட்டால்தான் விரலை எடுப்பான். கன்சோல் தலைமுறை அட்டவணையில் எஸ்.என்.கே. கம்பெனியின் இந்த கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ் வரிசைக்கு எங்கேயும் முதலிடம் வராது. ஆனால் சத்துவாச்சாரியில் சில வருடம் வேறெதற்கும் இடமில்லை.

டெக்கன் எங்களிடம் வந்தது பிஎஸ்2 (பிளேஸ்டேஷன் 2) கடைகளில்தான். மணிக்கு இவ்வளவு என்று காசு வாங்கும் சின்னக் கடைகள், ஒரு ஃபேன், இரண்டு ட்யூப் டிவி. மே மாத வேலூர் வெயிலில் உள்ளே இருந்த புழுக்கத்தை விவரிக்க வேண்டியதில்லை. டெக்கன் 5 அங்கே ஜெயித்ததற்கு உலகம் சொல்லாத ஒரு காரணம் உண்டு. அந்த ஒரே டிஸ்க்குக்குள் டெக்கன் ஒன்று, இரண்டு, மூன்றின் ஆர்கேட் பதிப்புகளும் இருந்தன. கடைக்காரருக்கு ஒரு டிஸ்க் வாங்கினால் நான்கு விளையாட்டு. டெக்கன் 3 போட்டால் மட்டும் சுவரில் எழுதிய விதி அமலுக்கு வரும்: 'எடி எடுக்கக் கூடாது'. இரண்டு கால் பட்டனை மாற்றி மாற்றித் தட்டினாலே எடி சுழன்று சுழன்று உதைப்பான், நேற்று வந்த சின்னப் பையன் பெரிய ஆட்டக்காரரை எழுப்பி அனுப்பிவிடுவான், அப்புறம் அடிதடி டிவிக்கு வெளியே நடக்கும். உலகம் பிஎஸ்3க்குப் போன பிறகும் வெகுநாள் எங்களுக்கு பிஎஸ்2தான். அதனால் 2009இல் வீட்டுக்கு வந்து, படுத்துக் கிடந்த சண்டை விளையாட்டு உலகத்தையே எழுப்பி உட்காரவைத்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4ஐ நாங்கள் தவறவிட்டோம். பிஎஸ்3 தலைமுறை சந்தேகமில்லாமல் அதனுடையது. நடுவர் அதன் பெயரைக்கூட உச்சரிக்கவில்லை.

பிஎஸ்4 தலைமுறை டெக்கன் 7க்கு என்றால் ஒத்துக்கொள்வேன், பாதி காரணம் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5 தன் காலைத் தானே வெட்டிக்கொண்டது. 2016இல், தனியாகக் கணினியை எதிர்த்து ஆடும் ஆர்கேட் மோட்கூட இல்லாமல் வந்தால் யார் வாங்குவார்கள்? மறுபாதி காரணம் ஆட்டக்காரர்கள். லாகூர் ஆர்கேட் கடைகளில் வளர்ந்த அர்ஸ்லான் ஆஷ் 2019இல், சண்டை விளையாட்டுகளின் பெரிய போட்டியான ஈவோவை ஜப்பானிலும், அதே வருடம் லாஸ் வேகஸிலும் டெக்கன் 7இல் ஜெயித்தார். கொரியாவும் ஜப்பானும்தான் டெக்கன் என்று இருந்த நினைப்பை ஒரே வருடத்தில் உடைத்தது கடையில் பழகிய ஒரு கை.

இப்போதைய தலைமுறைக்குத் தீர்ப்பு எழுத இன்னும் நேரம் வரவில்லை. 2023 ஜூனில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6, செப்டம்பரில் மார்ட்டல் காம்பாட் 1, 2024 ஜனவரியில் டெக்கன் 8. எட்டு மாதத்துக்குள் மூன்றும் வந்து நிற்கின்றன. இப்படி ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் போட்டிக்கு வைப்பேன் என்கிறீர்கள்.

சரி, கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். டெக்கன் 8 இருக்கட்டும். பக்கத்திலேயே ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6ஐயும் வையுங்கள். அதில் மாடர்ன் என்று ஒரு கட்டுப்பாட்டு முறை இருக்கிறது, சிறப்பு அடிகள் ஒரு பட்டனில் வரும், விழாவுக்கு வேடிக்கை பார்க்க வருகிறவர்கூட உட்கார்ந்து ஆடிவிடலாம். 2023இல் நடந்த ஹாங்சோ ஆசிய விளையாட்டில் பதக்கப் போட்டியாக இருந்த சண்டை விளையாட்டு ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5, டெக்கன் இல்லை. இந்தியாவிலிருந்தும் போய் ஆடினார்கள். நம் பிள்ளைகளுக்கு அந்தப் பாதையை ஏன் அடைக்க வேண்டும்?

இன்னொன்று, ஆட்டத்தை மேடையின் பெரிய எல்இடி சுவரில் போட்டு, ஆடுபவரையும் அதையே பார்த்து ஆடச் சொல்லாதீர்கள். டெக்கனில் வேகமான குத்து விழுவதற்குப் பத்து ஃப்ரேம் (நொடிக்கு அறுபது ஃப்ரேம்), அதாவது ஒரு நொடியில் ஆறில் ஒரு பங்கு. பெரிய திரை தாமதமாகக் காட்டி அதில் பாதியைத் தின்றுவிட்டால் தடுப்பதும் தடுக்காததும் அதிர்ஷ்டம்தான். போன விழாவில் அரையிறுதியில் ஒரு தங்கை நல்ல ஆட்டக்காரர், பட்டனை அழுத்திவிட்டு, அடி விழுகிறதா என்று நிமிர்ந்து பார்க்கும் நிலையில் தோற்றுப் போனார். பார்வையாளருக்குச் சுவர், ஆடுபவருக்கு, தாமதத்தைக் குறைக்கும் கேம் மோடில் வைத்த சின்ன மானிட்டர். பேட் இரண்டும் வயரோடு இருக்கட்டும். ஒரு தோல்வியோடு வீட்டுக்கு அனுப்பாமல் தோற்றவர்களுக்குத் தனிச் சுற்றும் வையுங்கள். ஆம்பூரிலிருந்தும் ஆற்காட்டிலிருந்தும் பஸ் ஏறி வருகிறவர் ஐந்து நிமிடத்தில் திரும்பிப் போவது அநியாயம்.

பட்டிமன்றத்தையும் விடாதீர்கள், தலைப்பை மட்டும் மாற்றுங்கள்: 'வேலூரில் கோலோச்சியது எது?' அந்தக் கடைகளை நடத்திய அண்ணன்கள் பலர் இன்னும் இந்தப் பக்கம்தான் இருக்கிறார்கள், வேறு தொழிலில். ஒருவரை நடுவராக்குங்கள். வாசலில் பழைய ஆட்டம் போட்டுக்காட்ட பிஎஸ்2ம் ட்யூப் டிவியும் வேண்டுமென்றால் என்னிடம் ஓடும் நிலையில் இருக்கிறது, நானே கொண்டுவந்து வைக்கிறேன். ஒரு பேடில் சதுர பட்டன் கொஞ்சம் ஒட்டும். இடது கைக் குத்து அதில்தான், அதனால் அந்த பேடை உங்கள் நடுவருக்குக் கொடுத்துவிடலாம்.

இப்படிக்கு,
சத்துவாச்சாரியிலிருந்து ஒரு பழைய ஆட்டக்காரன்