கடல் பேனா முன் மண்டியிடும் படக்காரர்களுக்கு

கடலடி மணலில் சிறு உயிர்களைத் தேடிப் படமெடுக்கும் முக்குளிப்பு நண்பர்களுக்கு,

வணக்கம். பவளப்பாறை அருகே போனால் கையைக் கட்டிக்கொண்டு பவ்யமாக மிதக்கிறோம். மணலுக்கு வந்ததும், அங்கே கெட்டுப்போக ஒன்றுமில்லை என்பது போல முழங்காலை ஊன்றிவிடுகிறோம். கடல் பேனா நிற்பது அந்த மணலில்தான்.

பார்க்க இறகுப் பேனா, கேட்டால் செடி என்பார்கள். உண்மையில் அது பவளத்துக்குச் சொந்தக்கார விலங்கு, அதுவும் ஒரு கூட்டுக் குடும்பம். முதலில் பிறந்த பாலிப் (அந்தக் குடும்பத்தின் ஒரு தனி உயிர்), வாயையும் கைகளையும் இழந்து தண்டாக மாறி மணலுக்குள் கால் ஊன்றுகிறது. அதன்மேல் முளைப்பவற்றில் சில எட்டுக் கைகளால் இரை பிடிக்கும். சில தண்ணீரை உள்ளே இழுத்து மொத்தக் குடும்பத்தையும் விறைப்பாக நிறுத்தும். சீண்டினால் தண்ணீரை விட்டுச் சுருங்கும். பல இனங்கள் மணலுக்குள்ளேயே இறங்கிவிடும். ஒரு இனத்தின் நடுக்குச்சியில் வளையங்களை எண்ணியபோது வயது 40 ஆண்டுகளைத் தாண்டியது.

அதன் மடிப்புகளில்தான் நாம் தேடிப்போகும் பீங்கான் நண்டு குடியிருக்கிறது. நகம் அளவுதான். பெரிய இடுக்கிகள் இருந்தும் வேட்டைக்குப் போகாது. வாயருகே உள்ள இரண்டு மயிர் விசிறிகளை மாற்றி மாற்றி வீசி, நீரோட்டத்தில் வருவதை வாரித் தின்னும். (அந்த வீச்சைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். நான் காற்று மானியைப் பார்க்க மறந்ததுண்டு.) சில மடிப்புகளில் கண்ணாடி போன்ற சின்ன இறாலும் இருக்கும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். விளக்கைக் கண்டதும் நண்டு மறுபக்கம் நழுவும். உடனே நாம் குச்சியால் பேனாவைத் திருப்புகிறோம். நானும் செய்தேன். பேனா சரசரவென்று உள்ளே இறங்கியது. நண்டு வெட்டவெளி மணலில் நின்றது. படம் கிடைத்தது. வீட்டில் பெரிதாக்கிப் பார்த்தால் ஒரு இடுக்கி இல்லை. பயந்தால் உறுப்பைக் கழற்றிவிட்டுத் தப்பிப்பது இந்த நண்டுகளின் வழக்கம். அந்தப் படத்தை நான் யாருக்கும் காட்டவில்லை.

குச்சியைப் படகிலேயே வைத்துவிட்டு வாருங்கள். ஒரு கை தூரம் தள்ளி மிதந்து, விளக்கைத் தணித்துக் காத்திருங்கள். பசி எடுத்தால் நண்டு தானே ஓட்டம் வரும் பக்கத்துக்கு வந்து விசிறியை விரிக்கும். வழிகாட்டிகளே, ஒரே பேனாவுக்கு ஐந்து பேரை வரிசையில் நிறுத்தாதீர்கள். மூன்றாவது ஆள் வரும்போது அங்கே வெறும் குழிதான் இருக்கும்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்