நரியைக் கொல்வது வேறு, நரி வேட்டை வேறு

ஆசிரியருக்கு வணக்கம்.

பிரிட்டனின் நரி வேட்டையைப் பற்றி எப்போது செய்தி வந்தாலும், அது சிவப்புக் கோட்டு போட்ட சீமான்களுக்கும் விலங்கு ஆர்வலர்களுக்கும் நடக்கிற தகராறாகத்தான் எழுதப்படுகிறது. அடியில் கிடக்கிற கேள்வியை யாரும் எடுப்பதில்லை. மனிதனுக்குத் தொல்லை தருகிற ஒரு காட்டு உயிரைக் கொல்லலாமா, கொல்லத்தான் வேண்டுமென்றால் எப்படிக் கொல்வது? இதைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது, கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நரியைத் தொடவே கூடாது என்று சொல்கிற ஆள் இல்லை நான். வேல்ஸ் மலைச்சரிவில் ஆடு வளர்க்கிறவர், குட்டி போடும் பருவத்தில் இரவில் துப்பாக்கியோடு காத்திருந்தால் அவரைக் கொடூரன் என்று சொல்ல எனக்கு வாய் வராது. கோழிக் கூண்டுக்குள் புகுந்த நரி ஒரு கோழியைத் தூக்கிக்கொண்டு போவதோடு நிற்பதில்லை, எட்டியதை எல்லாம் கடித்துப் போட்டுவிடும். விடிந்ததும் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவருக்கு நரியின் உரிமை பற்றிப் பாடம் நடத்த முடியுமா? தரையில் கூடு வைக்கிற பறவைகளின் நிலைமையும் இதுதான். நார்தம்பர்லாந்தின் ஆட்டர்பர்ன் பகுதியில் 2000 முதல் 2008 வரை நடந்த ஆய்வில், நரி, காகம் போன்றவற்றைக் கட்டுப்படுத்திய இடங்களில் ஆள்காட்டியும், கர்லூ என்கிற நீண்ட வளைந்த அலகுப் பறவையும் நிறையக் குஞ்சுகளைக் காப்பாற்றி வளர்த்தன. பறவைகளுக்காகவே இருக்கிற ஆர்.எஸ்.பி.பி. அமைப்பே தன் சரணாலயங்கள் சிலவற்றில் நரிகளைச் சுடுகிறது, அதை மறைப்பதும் இல்லை. ஆக, கொல்ல வேண்டிய தேவை சில இடங்களில் உண்மையிலேயே இருக்கிறது.

ஆனால் இந்தத் தேவையைக் காட்டி, நாற்பது ஐம்பது நாய்களோடு குதிரையில் துரத்துகிற வேட்டையை நியாயப்படுத்துகிறார்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. வரலாற்றைக் கொஞ்சம் பாருங்கள். முதலாம் எலிசபெத் காலத்தில், 1566இல் வந்த சட்டப்படி ஒரு நரித் தலைக்கு 12 பென்ஸ் சன்மானம். அப்போது நரி வெறும் தொல்லைதான், கிடைத்த வழியில் கொன்றார்கள். 18ஆம் நூற்றாண்டில் லெஸ்டர்ஷயரில் ஹ்யூகோ மேனல் என்கிற நிலக்கிழார் வேகமாக ஓடும் நாய்களை வளர்த்து எடுத்த பிறகு நரி வேட்டை பெரிய மனிதர்களின் விளையாட்டாக மாறியது. அதற்கப்புறம் நடந்தது தலைகீழ். தன் நிலத்தில் நரியைச் சுட்ட கனவானை மற்றவர்கள் மதிக்கவில்லை, ஏனென்றால் அவர் மற்றவர்களின் வேட்டையைக் கெடுத்துவிட்டார். கோழியைப் பறிகொடுத்த விவசாயிக்கு வேட்டைக் குழுவே நஷ்டஈடு கொடுத்தது, நரியைச் சுட்டுவிடக் கூடாதே என்பதற்காக. 19ஆம் நூற்றாண்டில் நரி போதவில்லை என்று ஐரோப்பாவிலிருந்து கப்பலில் கொண்டுவந்து லண்டன் லெடன்ஹால் சந்தையில் விற்றார்கள். நரி குடியிருக்கட்டும் என்று செயற்கையாக வளை கட்டிக் கொடுத்த குழுக்களும் உண்டு. தொல்லையை ஒழிக்க நினைக்கிறவன் அந்தத் தொல்லையைக் காசு கொடுத்து இறக்குமதி செய்வானா? நரி இல்லாமல் போனால் ஆடு வளர்க்கிறவருக்கு நிம்மதி, வேட்டைக்காரருக்கு நஷ்டம். இந்த ஒரு வித்தியாசமே எனக்குப் போதும்.

எண்ணிக்கையும் இதைத்தான் சொல்கிறது. பர்ன்ஸ் பிரபு தலைமையில் அரசு அமைத்த குழு 2000இல் கொடுத்த அறிக்கைப்படி, பதிவு பெற்ற வேட்டைக் குழுக்கள் வருடத்துக்குச் சுமார் 21,000 முதல் 25,000 நரிகளைக் கொன்றன. சாலையில் வண்டி மோதிச் சாகிற நரிகள் அதைவிடப் பல மடங்கு. பிழைத்திருக்கக்கூடிய ஆட்டுக்குட்டிகளில் நரி கொல்வது 2 சதவீதத்துக்கும் குறைவு என்றும் அதே அறிக்கை சொன்னது. 2001இல் கால்நடைகளுக்குக் கோமாரி பரவியபோது நாடு முழுக்க வேட்டை மாதக்கணக்கில் நிறுத்தப்பட்டது, யாரும் திட்டமிடாமலே ஒரு பரிசோதனை நடந்துவிட்டது. ஆய்வாளர்கள் முன்னும் பின்னும் கணக்கெடுத்துப் பார்த்தார்கள், நரிகள் குறிப்பிடும்படி பெருகவில்லை. அந்த முடிவு 2002இல் நேச்சர் என்கிற அறிவியல் இதழில் வந்தது.

சரி, பயன் குறைவு என்பதை விடுங்கள், சாகிற விதத்தைப் பார்ப்போம். வேட்டைக்கு முந்தைய இரவே ஆள் போய் நரி வளைகளின் வாயை அடைத்துவிடுவார், துரத்தும்போது அது வீட்டுக்குள் நுழைந்துவிடக் கூடாது அல்லவா. எங்காவது ஒரு பொந்தில் புகுந்துவிட்டால் டெரியர் நாயை உள்ளே விட்டு, மண்ணைத் தோண்டி, வெளியே எடுத்துச் சுடுவார்கள். இலையுதிர் காலத் தொடக்கத்தில் இன்னொன்று நடந்தது, இதை நினைத்தால்தான் எனக்கு மனசு ஆறுவதே இல்லை: புதிய நாய்களைப் பழக்குவதற்காக, அந்த வருடம் பிறந்த நரிக்குட்டிகள் இருக்கும் புதர்க்காட்டைச் சுற்றி ஆட்கள் நின்றுகொண்டு, அவை தப்பி ஓடாதபடி சத்தம் போட்டு மடக்கி, உள்ளே நாய்களை விடுவார்கள். இதில் எந்த ஆட்டுக்குட்டி காப்பாற்றப்பட்டது? பர்ன்ஸ் அறிக்கை எந்தப் பக்கமும் சாயாமல் அளந்து எழுதப்பட்டது. முதல் நாய் பிடித்தபின் பெரும்பாலும் சில நொடிகளில் உயிர் போய்விடும் என்று வேட்டைத் தரப்புக்குச் சாதகமான விஷயத்தையும் ஒப்புக்கொண்டது. அதே அறிக்கைதான் இந்த வேட்டை நரியின் நலனைக் கடுமையாகப் பாதிக்கிறது என்றும் முடிவு சொன்னது.

துப்பாக்கிக் காயத்தோடு தப்பிய நரி நாள்கணக்கில் அழுகிச் சாகும், நாய்களிடம் அப்படி நடக்காது, ஒன்று தப்பும் அல்லது சாகும் என்று வேட்டைத் தரப்பு சொல்வது உண்டு. நேர்மையான வாதம்தான், பதில் சொல்லியாக வேண்டும். தேர்ந்த கை, இரவு விளக்கு, சரியான ரைஃபிள் இருந்தால் சுடுவதே நரிக்குக் குறைந்த துன்பம் என்று பர்ன்ஸ் குழுவே சொல்லிவிட்டது. விளக்கோடு போக முடியாத மலைக்காடுகளில் நரியைக் கிளப்பிவிட நாய் தேவைப்படலாம் என்பதையும் அது மறுக்கவில்லை. அதற்குத்தான் ஸ்காட்லாந்து 2023 சட்டத்தில் இரண்டு நாய்களுக்கு மேல் கூடாது, கூடுதலாக வேண்டுமானால் உரிமம் வாங்கு என்று வைத்திருக்கிறது. எனக்கு இது நியாயமாகப் படுகிறது.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நாய்களை விட்டு நரியை வேட்டையாடுவதைத் தடை செய்த 2004 சட்டம் 2005 பிப்ரவரி 18இல் அமலுக்கு வந்தது. பிரபுக்கள் சபை ஒத்துக்கொள்ளாமல், அந்தச் சபையின் சம்மதம் இல்லாமலே மக்கள் சபை சட்டம் கொண்டுவர வழி தருகிற நாடாளுமன்றச் சட்டங்களைப் பயன்படுத்தி நிறைவேற்ற வேண்டியிருந்தது. வந்து என்ன? அதன்பின் 'டிரெயில் ஹண்டிங்' வந்தது, தரையில் இழுத்துப் போட்ட வாசனைத் தடத்தை நாய்கள் பின்தொடர்வதாகச் சொல்கிறார்கள். அந்த வாசனை நரியினுடையதாகவே இருந்தால், நாய்களைப் போகவிடும் இடம் நரி வாழும் புதராகவே இருந்தால், உயிருள்ள நரியைத்தானே நாய் பிடிக்கும்? அது தற்செயல் என்று சொல்லிவிட்டால் நிரூபிப்பது பெரும்பாடு. நிரூபித்தாலும் அபராதம் மட்டும்தான், சிறை கிடையாது. அதே நாட்டில் வீட்டு நாயைச் சித்திரவதை செய்தால் 2021 முதல் ஐந்து வருடம் வரை உள்ளே போகலாம். பழைய மாளிகைகளையும் இயற்கை நிலங்களையும் பாதுகாக்கிற நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் உறுப்பினர்கள் 2021இல் தங்கள் நிலத்தில் டிரெயில் ஹண்டிங் வேண்டாம் என்று வாக்களித்தார்கள், 2024 தேர்தல் அறிக்கையில் லேபர் கட்சியும் அதைத் தடை செய்வதாக எழுதியது.

நகரத்துக்காரன் வந்து எங்கள் வாழ்க்கையை மாற்றச் சொல்கிறான் என்று கிராமத்து மக்கள் வருந்துவதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. 2002 செப்டம்பரில் லண்டனில் சுமார் 4 லட்சம் பேர் நடந்தார்கள், அவர்கள் எல்லோரும் சீமான்கள் இல்லை, லாடம் அடிக்கிறவர்களும் பண்ணை வேலைக்காரர்களும் இருந்தார்கள். ஆனால் அவர்கள் காப்பாற்ற நினைக்கிற எல்லாவற்றையும் நரி சாகாமலே வைத்துக்கொள்ளலாம். மனிதன் ஓடிய தடத்தை மோப்ப நாய்கள் பின்தொடர, பின்னால் குதிரைகள் போகிற விளையாட்டு பல காலமாக அங்கே இருக்கிறதே.

கடைசியாக, வேட்டையை எதிர்க்கிற என் பக்கத்து ஆட்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். சிவப்புக் கோட்டைப் பார்த்துக் கோபப்படுவது சுலபம். சுருக்குக் கண்ணியில் மாட்டிய நரி இரவு முழுக்கத் துடிக்கிறது, அதைப் பார்க்க யாரும் இல்லை. வேல்ஸ் 2023லும் ஸ்காட்லாந்து 2024லும் கண்ணியைத் தடை செய்தபோது அதற்கு வந்த கைதட்டல் ரொம்பக் குறைவு. பசை அட்டையில் ஒட்டிய எலி பிய்த்துக்கொள்ளப் பார்த்துத் தன் தோலையே கிழித்துக்கொள்ளும். இங்கிலாந்தில் பொதுமக்கள் அதைப் பயன்படுத்தக் கூடாது என்பது 2024 ஜூலையில்தான் வந்தது. இரத்தம் உறைவதைத் தடுக்கும் எலி மருந்தைத் தின்ற எலி உடனே சாவதில்லை, உள்ளுக்குள் இரத்தம் கசிந்து பல நாள் கழித்துச் சாகும். அதைத் தின்கிற கூகையின் உடம்பிலும் அந்த விஷம் சேர்கிறது. நரிக்கு அழகான முகம், எலிக்கு இல்லை. வலியில் என்ன வித்தியாசம்?

சேதம் உண்மையிலேயே இருக்கிறதா என்று முதலில் பார்க்கட்டும். மின்வேலி, பொழுது சாயும்போது கூண்டை அடைப்பது, ஆடுகளைக் குட்டி போடக் கொட்டகைக்குள் கொண்டுவருவது, இவற்றில் தீருமானால் அதோடு விடட்டும். தீராத இடத்தில், தெரிந்த ஒருவர் போய், குறி தப்பாமல், கூட்டம் சேர்க்காமல் சுடட்டும். டிரெயில் ஹண்டிங்கைத் தடை செய்கிற கையோடு கண்ணிக்கும் பசை அட்டைக்கும் எங்குமே இடமில்லை என்று ஆக்கட்டும். வடக்கு அயர்லாந்தில் நாய்களை வைத்து வேட்டையாடுவதைத் தடுக்க வந்த மசோதா 2021 டிசம்பரில் அங்குள்ள சட்டமன்றத்தில் தோற்றுப்போனது, அதை மறுபடி எடுக்கட்டும். உங்கள் நாளிதழ் அடுத்த முறை இந்தச் செய்தியைப் போடும்போது, குதிரைப் படத்தோடு இந்தக் கேள்விகளையும் சேர்த்துப் போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்