சலத்தை அடக்க விடாதே

திருகோணமலை

அன்புள்ள மகளுக்கு,

சின்னவளுக்கு இரண்டாம் முறையும் சலத்தில் கிருமி என்றாய். போனில் சொன்னால் பாதி மறந்துபோகும், அதனால் எழுதுகிறேன்.

முதலில், நீ வடிவாய்க் கழுவிவிடவில்லை என்று இது வரவில்லை. பெரும்பாலும் இது ஈ.கோலை, எல்லாப் பிள்ளைகளின் குடலிலும் இருக்கிற கிருமி. பெண்பிள்ளைக்குச் சலக்குழாய் கட்டை, அதனால் கொஞ்சம் மேலே ஏறத்தான் செய்யும். சலம் முழுதாய்ப் போனால் அதோடு அடிபட்டுப் போய்விடும். சலப்பையில் தேங்கினால்தான் பெருகும்.

நாலு வயதில் சலப்பை 150 மில்லிலீற்றர் அளவுதான் பிடிக்கும். இரண்டு, இரண்டரை மணித்தியாலத்துக்கு ஒருக்கால் கூட்டிக்கொண்டு போ. "வருதா?" என்று கேட்காதே, இல்லை என்றுதான் சொல்வாள். விளையாடிக்கொண்டிருந்தவள் திடீரென்று குந்தி, குதிக்காலை அடியில் அழுத்திக்கொண்டு அசையாமல் இருந்தால் அடக்குகிறாள் என்று அர்த்தம். நேர்சரி ரீச்சரிடமும் இதைச் சொல்லி வை.

கொமட்டில் கால் தொங்கினால் அடிவயிற்றுத் தசை இளகாது, கடைசிச் சொட்டு உள்ளே நின்றுவிடும். காலுக்குக் கீழே பலகை வேண்டும். ஜட்டியை முழுதாய்க் கழற்றி, தொடையை அகட்டி, கொஞ்சம் முன்னுக்குச் சாய்ந்து இருக்கட்டும். முடிந்ததும் இருபது வரை எண்ணிவிட்டு இன்னொருக்கால் போகச் சொல். எழும்பிப் பத்து நிமிடத்தில் ஜட்டி நனைகிறதா என்று பார். நனைந்தால், தொடை ஒட்டியிருந்ததால் சலம் பெண்ணுறுப்புக்குள் போய்ப் பிறகு வடிகிறது. அப்படியென்றால் கொமட்டின் தண்ணீர்த் தாங்கியைப் பார்த்தபடி திருப்பி இருத்து, கால் தானாக அகலும்.

நான் கூடப் பயப்படுவது மலச்சிக்கலுக்கு. சலப்பைக்குப் பின்னால்தான் மலக்குடல். அது நிரம்பிக் கிடந்தால் சலப்பையை நெருக்கும், சலம் மிஞ்சும். தினமும் போகிறாள் என்று நம்பியிராதே. ஆட்டுப்புழுக்கை மாதிரிக் கொஞ்சமாய்ப் போவதும், ஜட்டியில் கறை படுவதும் உள்ளே கட்டிக் கிடப்பதன் அடையாளம். காலைச் சாப்பாடும் இரவுச் சாப்பாடும் முடிந்த கையோடு ஐந்து நிமிடம் இருத்து, சாப்பிட்டதும் குடல் தானே அசையும். பாலை இரண்டு கப்போடு நிறுத்து. சிவப்பரிசிமாப் புட்டு, பப்பாளி, முருங்கைக்கீரை கொடு. ஒரு கிழமையில் இளகாவிட்டால் டொக்டரிடம் மலம் இளக்கும் லக்டுலோஸ் பாணி பற்றிக் கேள். அவர் எழுதித் தந்தால், இரண்டு நாள் நன்றாகப் போனதும் நீயாக நிறுத்திவிடாதே. விரிந்த குடல் சுருங்க மாதக்கணக்காகும்.

குடிக்கிறது எல்லாம் சேர்த்து நாளுக்கு ஒரு லீற்றருக்குக் குறையக் கூடாது. ஓகஸ்டில் இங்கே கச்சான் காற்றடிக்கும், அப்போது ஒன்றரை வரை கொடுக்கலாம். பார்லித் தண்ணியும் இளநீரும் நல்லதுதான், ஆனால் அவை கிருமிக்கு மருந்தல்ல.

கழுவும்போது தண்ணீர் முன்னாலிருந்து ஊற்று, கை பின்பக்கமாய் வரட்டும். உள்ளே சவர்க்காரம் வேண்டாம், டெட்டோல் வேண்டவே வேண்டாம். எரிந்தால் அடக்கத் தொடங்குவாள். உப்புவெளியில் கடல் குளித்தாலும் உடனே ஈர உடுப்பை மாற்றிவிடு. இரவில் பின்பக்கம் சொறிந்தால் டொக்டரிடம் குடற்பூச்சி மருந்து பற்றிக் கேள்.

தடிமன், இருமல் இல்லாமல் 38 பாகைக்கு மேல் காய்ச்சல் வந்தால், சத்தியோ இடுப்பு நோவோ இருந்தால், அன்றைக்கே டொக்டரிடம் போ. சிறுநீரகத்துக்கு ஏறினால் தழும்பு விழலாம். அன்டிபயோட்டிக் தொடங்குமுன், கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனைக்குச் சலம் எடுக்க வேண்டும். கழுவிவிட்டு, முதல் கொஞ்சத்தை விட்டு, நடுச் சலத்தைப் போத்தலின் விளிம்பு தோலில் படாமல் பிடி. ஒரு மணித்தியாலத்துக்குள் ஆய்வுகூடத்துக்குப் போக முடியாவிட்டால் குளிர்சாதனப் பெட்டியில் வை, உறையவிடாதே. மிஞ்சிய பழைய மருந்தைக் கொடுத்துவிட்டுப் போனால் கிருமி வளராது, எந்த மருந்து கேட்கும் என்றும் தெரியாது. தந்த மருந்தை முழுதாய் முடி. றிப்போட் எல்லாம் ஒரே பைலில் வை. இரண்டாம் முறை என்பதால் சிறுநீரக ஸ்கான் தேவையா என்று கட்டாயம் கேள்.

அப்பா இங்கத்தைய கொமட்டுக்குப் பலகை அடிக்கப் போகிறார். கொமட் 40 சென்ரிமீற்றர் உயரம். அவளின் உள்ளங்காலிலிருந்து முழங்கால் மடிப்பு வரை அளந்து அனுப்பு. அதைக் கழித்து வருவதோடு இரண்டு சென்ரிமீற்றர் கூட்டி அடித்தால் சரியாயிருக்கும்.

அன்புடன்,
அம்மா